வலது மூலையில் நின்றவன்

வடகரை பஸ் ஸ்டாப் டீக்கடையில் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே சண்டை சூடு பிடித்துவிட்டது. கட்சிச் சண்டை இல்லை, வரப்புச் சண்டையும் இல்லை. பெஞ்சமின் ஏன் கோல் போடவில்லை என்பதுதான் சண்டை.

பெஞ்சமின், வெஸ்டர்ன் ஸ்டார் அணியின் ஸ்ட்ரைக்கர். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் கால்பந்து. போன வருஷம் பத்தொன்பது கோல் போட்டவன். இந்த வருஷச் சாரல் கோப்பையில் ஆறு ஆட்டம் ஆடி ஒன்றுகூடப் போடவில்லை. ஆனால் அணி ஆறையும் ஜெயித்து ஃபைனலுக்குப் போய்விட்டது. முந்தின நாள் நடந்த செமிஃபைனலில்கூட ஒரே கோல்தான், அதையும் ஹுஸைஃபாதான் போட்டான்.

“ஆறு ஆட்டம். ஆறும் சைபர். டவுன் பஸ் மாதிரி அங்கனக்கும் இங்கனக்கும் போறான் வாரான், எறங்குத ஆளு ஒருத்தனும் இல்ல” என்றான் முஃபீத். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அணிக்கு அவன்தான் செயலாளர்.

“கோல் போட்டாத்தான் ஸ்ட்ரைக்கரா? ஏலே, கொஞ்சம் ரோசிச்சுப் பேசுங்க” என்றார் தேங்காய் வியாபாரி அய்யாக்குட்டி. பெஞ்சில் சிந்திக் கிடந்த டீயைத் தொட்டுப் பலகையில் கோடு போட்டார். “இது கோல் போஸ்ட்டு. இவன் இங்கன முதுகைக் காட்டிட்டு நிக்கான். பந்து வருது, நெஞ்சுல வாங்குதான். எதிராளி ரெண்டு பேரு இவன் மேல விழுதான். ரெண்டு பேரு இங்கன விழுந்தா அங்கன யாரு இருக்கா? ஹுஸைஃபா மட்டும். அவனுக்குத் தட்டி விடுதான், அவன் போடுதான். இப்பச் சொல்லு, அந்தக் கோலு யாருக்கு?”

“ஹுஸைஃபாவுக்கு.”

“போலே, கூறுகெட்டவனே. சோறு வடிச்சவளை விட்டுட்டு எலை போட்டவனுக்குக் கை குலுக்குதீய.”

“அண்ணாச்சி, ரெண்டு பேரை இழுத்துட்டுப் போறதுக்கு ஸ்ட்ரைக்கர் எதுக்கு? பிரேக்டவுன் ஆன லாரியை இழுக்குத வண்டியைக் கூப்பிட்டுக்கிடலாமே.”

கடை மொத்தமும் சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லாரும் மூலையில் இருந்தவரைப் பார்த்தார்கள். மசூது அங்கே பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டியதை முந்தின நாளே சொல்லியாயிற்று.

மசூதுக்கு வயது அறுபத்தொன்பது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். முப்பத்தைந்து வருஷம் புளியறை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டினார். லோடு இறக்குகிற வரைக்கும் அங்கே சும்மா கிடக்க முடியாது. ஊருக்கு ஊர் செவன்ஸ் நடக்கும், போய் உட்கார்ந்துவிடுவார். அப்படிப் பழகின பந்து. ஊரில் அவரைவிடப் பந்து பார்த்தவன் கிடையாது. அவர் யாரையும் நம்புகிற ரகமும் இல்லை. எடைமேடைக்காரன் சொல்கிற எடையை நம்ப மாட்டார், டாக்டர் எழுதுகிற சீட்டை நம்ப மாட்டார், ரெப்ரி ஊதுகிற விசிலை நம்ப மாட்டார். என் கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்பார். அதனாலேயே ஊர் அவரை நம்பியது.

எழுத வராதவருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட வந்தது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ரசிகர் குழுவில் அவர் வாய்ஸ் வரும். குழுவில் நானூறு பேர். பாதிப் பேர் துபாய், சார்ஜா, தம்மாம். ஆட்டத்தை யூடியூபில் முழுக்கப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? மசூது மாமா என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

“திரும்ப ஒருக்கா போடுலே” என்று யாரோ கேட்க, முஃபீத் போனைத் தூக்கிப் பிடித்தான். மசூதின் கரகரத்த குரல் வந்தது.

“மசூது பேசுதேன். மொத பாதியில ஓடுனான், இல்லன்னு சொல்லல. ரெண்டாம் பாதியில வலது மூலையில போயி நின்னவன்தான். நட்டு வச்ச மாதிரி நிக்கான். கையை மட்டும் ஆட்டி ஆட்டிப் பந்து கேக்கான், ஒரு எட்டு எடுத்து வைக்கல. இருவத்தஞ்சு நிமிசம்! இது ஃபார்ம் போன கதை இல்ல. ஃபார்ம் போனவன் ஓடிக் கெடுப்பான், நின்னு கெடுக்க மாட்டான். சார்ஜாவுக்குப் போறவன் காலைப் பத்திரம் பண்ணுதான். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்.”

அய்யாக்குட்டி தலையை ஆட்டினார். “நானும் அங்கனதான் இருந்தேன். அப்பிடி நிக்கலையே பாய்.”

“நீரு ரெண்டாம் பாதியில போண்டாக் கடையிலேல்லா நின்னீரு” என்றார் மசூது.

அது உண்மை. அய்யாக்குட்டி பலகையில் போட்ட கோட்டைத் துடைத்தார்.

சார்ஜா கதை இதுதான். வடகரை மன்சூர் அங்கே பெரிய குடோன் வைத்திருக்கிறான். கம்பெனிக்கென்று ஒரு பந்து அணியும் உண்டு. ஸ்ட்ரைக்கர் வேலைக்கு ஆள் வந்தால் குடோனிலேயே ஸ்டோர் கீப்பர் வேலையும் தருவேன் என்று சொல்லியிருந்தான். பெஞ்சமினுக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூக்கிற இரண்டு மாசம், போட்டோ எடுக்க வருகிற கூட்டத்துக்கு பார்க்கிங் சீட்டுக் கிழிப்பான். மீதிப் பத்து மாசம் கிடைத்த வேலை. அவனுக்கு அந்த விசா பெரிய விஷயம். மன்சூர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான்: மசூது மாமா சரி என்றால் சரி.

அன்று மத்தியானமே மன்சூரின் பதில் வந்தது. “காலைப் பத்திரம் பண்ணுதவன் இங்க வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்? ஹுஸைஃபா பாஸ்போர்ட்டை அனுப்புங்க. முஃபீதே, ஃபைனல்ல அவனை வெளிய உக்கார வை. மாமா பாத்துட்டுச் சொன்ன பெறவு வேற என்ன இருக்கு?”

சாயங்காலத்துக்குள் குழுவில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. பெஞ்சமின் தலையை வெட்டி ஏதோ ஒரு தலைவர் சிலையின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். மசூதின் மகள் நஸீபா அதை அவரிடம் காட்டினாள். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மசூது அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு பைக் வந்து நின்றது. இறங்கினவன் யாரென்று தெரிய அவன் பேச வேண்டியிருந்தது.

“மாமா, நா பெஞ்சமின்.”

சண்டைக்கு வந்திருக்கிறான் என்று மசூது நினைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஆனால் அவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏசுனதுக்குக் கேக்க வரல மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நா எங்க தப்பா நின்னேன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கிடுதேன்.”

“அதான் வாய்ஸ்ல சொன்னேனே. வலது மூலை.”

“எந்த வலது மாமா?”

“மலைப் பக்கத்து மூலை. அங்கனயேதான நின்ன?”

“நா அந்தப் பக்கமே போகலையே மாமா. எதிரணிக்குத் தடுத்து ஆடுத ஸ்டாப்பர் ரெண்டு பேரையும் இழுத்துட்டு இடது பக்கமேல்லா கெடந்தேன். கோலுகூட அங்கன இருந்து குடுத்ததுதான்.”

“அப்ப நா பொய் சொல்லுதனா?”

“ஐயோ, இல்ல மாமா. எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல.”

சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஞாபகம் இல்ல போல என்றானே, அதுதான் மசூதுக்கு என்னவோ செய்தது. பொய் சொல்கிறவன் இப்படி ஒதுங்கிப் போக மாட்டான். எத்தனை செக்போஸ்ட், எத்தனை புரோக்கர். பொய்க்காரன் குரல் அவருக்குத் தெரியும்.

உள்ளே இருந்து நஸீபா வந்தாள். “வாப்பா, மலைப் பக்கத்து மூலைன்னா சொன்னீய?”

“ஆமா. அதுக்கென்ன?”

அவள் புருஷன் தம்மாமில் இருக்கிறான். ஆட்டம் நடக்கும்போது அங்கே அவனும் இங்கே இவளும் யூடியூபில் பார்ப்பார்கள். போனில் பேசிக்கொண்டே பார்ப்பது அவர்களுக்கு ஒரு பழக்கம். வடகரையில் அந்த ஆறு ஆட்டத்தையும் ஒரு நிமிஷம் விடாமல் பார்த்தவர்கள் எண்ணி நாலு பேர் இருந்தால், அதில் நஸீபா ஒருத்தி. ஆனால் ரசிகர் குழுவில் பொம்பிளைகள் கிடையாது. அவளை யாரும் கேட்டதும் இல்லை.

போனில் செமிஃபைனலைத் தேடி எடுத்தாள். ஓட்டிக் கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தி, அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். பக்கத்தில் இருப்பதுதான் அவருக்குத் தெரியும்.

“இது ஆஃப் டைம். காத்துல அந்த மூலைக் கொடி ஒடிஞ்சு போச்சு, பாத்தியளா? இப்ப பெஞ்சமின் வாரான். நனைஞ்ச ஜெர்சியைக் கழத்திட்டு வேற ஜெர்சி போட்டிருக்கான். பழசை என்ன பண்ணுதான் பாருங்க.”

மஞ்சள் ஜெர்சியை ஒரு மூங்கில் கம்பில் மாட்டி, அடியில் முடிச்சுப் போட்டு, கொடி இருந்த குழியில் நட்டான் பெஞ்சமின். ரெப்ரி கட்டை விரலைக் காட்டினார். சாரல் காற்று வந்ததும் ஜெர்சியின் இரண்டு கையும் எழும்பி எழும்பி ஆடின.

மசூது போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வாப்பா, நீங்க பாத்தது ஆளு இல்ல. சட்டை.”

நஸீபா மெதுவாகக் கேட்டாள்: “உங்களுக்குக் கண்ணு எத்தனை நாளா இப்பிடி?”

“சாரல் அடிச்சுது. தண்ணி கண்ணுல விழுந்துது.”

“நேத்து உப்புன்னு நெனச்சு சீனியை அள்ளிச் சோத்துல போட்டீயளே, வீட்டுக்குள்ளயும் சாரல் அடிச்சுதா?”

“உள்ள போடி!” என்று கத்தினார். அவள் போய்விட்டாள். போனை மட்டும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கண்ணில் புரை விழுந்தது பத்துப் பதினொரு வருஷத்துக்கு முன்னால். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டரிடம் போனால் சுவரில் எழுத்துப் பலகை இருக்கும். மசூதுக்கு இங்கிலீஷ் தெரியாது, பலகையும் தெரியாது. வரிசையில் முன்னால் நின்ற டிரைவர் படிப்பதைக் காதால் பிடித்துக்கொள்வார். ஈ. எஃப், பீ. டீ, ஓ, இசட்டு. எல், பீ, ஈ, டி. ஓதுகிற மாதிரி மனப்பாடம். இந்தப் பலகை எல்லா டாக்டரிடமும் ஒரே பலகைதான் என்பதை அவர் கண்டுபிடித்தபோது, உலகத்தையே ஏமாற்றிவிட்ட சந்தோஷம். அப்படி ஐந்து வருஷம் லாரி ஓட்டினார். புளியறை வளைவில் யார் மேலும் ஏற்றவில்லை. அது அவர் கெட்டிக்காரத்தனம் இல்லை, அல்லாஹ்வின் காவல். லாரியை விட்ட பிறகு ஆறு வருஷமாக வேறு வேலை. மைதானத்தில் பக்கத்தில் வருவதைக் கண்ணால் பார்ப்பார், தூரத்தில் நடப்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்து ஊகித்துக்கொள்வார். இதுவரை ஊகம் பெரிதாகத் தப்பவில்லை. தப்பியிருந்தாலும் அவரிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன், தன் ஊகத்தை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

சொல்லிவிடலாம். போனை எடுத்து, தப்பாப் பாத்துட்டேன் என்று இரண்டே வார்த்தை. புதன்கிழமை வாய்ஸ் பட்டனை நாலு தடவை அழுத்தினார், நாலு தடவையும் அழித்தார். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்ப போன ஆட்டம்? அதுக்கு முந்தின ஆட்டம்? அவர் பேச்சைக் கேட்டு உட்கார வைத்த கோல்கீப்பர், அவர் பேச்சைக் கேட்டுத் துரத்தின கோச், எல்லாரும் வரிசையாக வந்து நிற்பார்கள். டீக்கடை மூலையில் பன் தின்கிற ஒரு கிழவன். அதற்கு மேல் அவர் யாரும் இல்லை என்று ஆகிவிடும். அதுதான் பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

டீக்கடைப் பக்கம் போனால் அதைவிட மோசம். அவர் சொன்னதை எல்லாரும் தாங்களே பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

“நானும் பாத்தேம்லே. அசையவே இல்ல.”

“கையை ஆட்டுனதைப் பாத்தியா? டாட்டா காட்டுத மாதிரி.”

“சார்ஜாவுக்கு இங்கன இருந்தே டாட்டா காட்டிட்டான்.”

அய்யாக்குட்டி மட்டும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மசூதுக்குப் பன் இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு வாய்ஸ் போட்டார். முழு உண்மையைச் சொல்லத் துணிவில்லாதவன் அரை உண்மையைச் சொல்லுவான். அவரும் அதைத்தான் செய்தார். “மசூது பேசுதேன். அன்னைக்குச் சாரல் ரொம்ப அடிச்சுது. சரியாத் தெரிஞ்சுருக்காது. பையனை ரொம்ப ஏசாதீய.”

அது என்ன செய்தது தெரியுமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் ஆள் ஆளுக்குக் கையைப் பிடிக்கிறார்கள். மாமாவுக்கு என்ன இளகின மனசு! பிடிச்ச தப்பையும் மூடி வைக்காவ பாருங்க! மன்சூர் சார்ஜாவில் இருந்து சொன்னான்: “இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுசனா? ஃபைனலுக்குக் கை குடுக்க வேற எவனையும் கூப்பிடாதீய. மாமாதான் கை குடுக்கணும்.”

ஃபைனல் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு அணியும் வரிசையாக நிற்கும். பெரிய மனுஷர் ஒருவர் வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துப் பெயர் கேட்டுக்கொண்டு போவார். போன வருஷம் அந்த மரியாதை ஒரு ரிட்டயர்ட் போலீஸ் அதிகாரிக்கு. இந்த வருஷம் மசூதுக்கு. மறுக்க வாய் வரவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. குற்றாலம் போகிற ரோட்டை ஒட்டின மைதானம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டமும் சேர்ந்து ஜேஜே என்று இருந்தது. மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. மசூது வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் தொப்பி வைத்து, முஃபீத் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முதலில் எதிரணி. அவர்கள் நீலம். ஏழு கை. அப்புறம் வெஸ்டர்ன் ஸ்டார். ஹுஸைஃபா கை கொடுக்கும்போது குனிந்து, “மாமா, துஆ செய்ங்க, பதினெட்டாந் தேதி டிக்கெட்டு” என்றான். ஏழாவது கையோடு வரிசை முடிந்தது. பெஞ்சமின் கை அதில் இல்லை.

“பெஞ்சமின் எங்கலே?”

“வெளிய பெஞ்சில இருக்கான் மாமா. இறக்க மாட்டேன். நீங்க கவலைப்படாதீய.”

நீங்க கவலைப்படாதீய! மசூது முஃபீதின் கையை உதறினார். மலைப் பக்கத்து மூலையைப் பார்த்தார். அங்கே மஞ்சளாக ஒன்று நின்றது. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டது. ஒரு வாரமாக அதை யாரும் கழற்றவில்லை போல.

அவர் அதை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

மைக்கில் வர்ணனை சொல்கிறவன் கிண்டலுக்கு ஆரம்பித்தான். “மாமா மைதானம் ஈரமான்னு சோதிச்சுப் பாக்காவ... மாமா, பாத்ரூம் இந்தப் பக்கம்!” கூட்டம் விசிலடித்தது. ரெப்ரி வாட்சைப் பார்த்தார். மசூது கார்னருக்குப் போய் நின்றார். பக்கத்தில் போனதும் தெரிந்தது: மூங்கில் கம்பு, பெயர் அழிந்த முதுகு, ஒன்பது என்ற நம்பர். அந்த ஜெர்சியின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வாரத் தண்ணீர் குளிர்ந்து அவர் முழங்கை வரைக்கும் ஓடியது.

கூட்டம் இன்னும் சிரித்தது. முஃபீத் வெட்கத்தோடு ஓடி வந்தான். “மாமா, என்ன பண்ணுதீய? யூடியூப்ல லைவா போவுது.”

“மைக்கைக் கொண்டா.”

“மாமா...”

“கொண்டாலே!”

மைக் வந்தது. லாரி ஹார்னுக்கு மேலே கத்திப் பழகின குரல், அன்றைக்குப் பார்த்து உடைந்தது.

“மசூது பேசுதேன். இன்னா நிக்கான் பாருங்க. இந்தச் சட்டையைத்தான் பெஞ்சமின்னு நெனச்சு நா ஏசுனேன். அந்தப் பையன் இந்தப் பக்கமே வரல. எனக்குக் கண்ணு தெரியாது. பத்து வருசமாத் தெரியாது. உங்க எல்லாருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேன். போன வாரம் பாக்காததைப் பாத்தேன்னு சொன்னேன். தெரிஞ்ச பெறவும் நாலு நாளு வாயை மூடிட்டு இருந்தேன். அதுதான் பெரிய தப்பு. அவனை ஆட விடுங்க.”

சிரிப்பு நின்றது. அப்புறம் யாரோ ஒருவன் கை தட்டினான். “மாமா மாதிரி வருமாலே! ஒருத்தனைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போடுதாவ பாரு!” உடனே எல்லாரும் தட்டினார்கள்.

மசூது மைக்கைக் கீழே போட்டார். பொய்யை நானூறு பேரும் ஒரே நாளில் நம்பினார்கள். உண்மையை நம்ப ஆள் இல்லை. அரை உண்மைக்குக் கிடைத்த கூலி இது.

முஃபீதும் நம்பவில்லை. “பாப்போம் மாமா” என்று சொல்லி அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனான். முதல் பாதியில் ஹுஸைஃபா தனியாக முன்னால் நின்றான். பந்து போகும், வாங்க ஆள் இல்லை, திரும்பி வரும். எதிரணி ஸ்டாப்பர் இரண்டு பேரும் வேலை இல்லாமல் ஏறி வந்தார்கள். இரண்டு கோல் வாங்கியாயிற்று. மசூது கண்ணை மூடிக் காதால் ஆட்டம் பார்த்தார். இரண்டு தடவையும் சத்தம் எதிர்ப் பக்கத்தில் இருந்து வந்தது.

ஆஃப் டைமில் அய்யாக்குட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முஃபீத் முன்னால் போய் நின்றார். “ஏலே, போண்டா திங்கப் போனவன் நானு, ஒத்துக்கிடுதேன். நீ ஏன் வீடியோவைப் பாக்கல? பாய் மகள் என் பொண்டாட்டிக்கு அனுப்பியிருக்கா. இந்தா, பாரு. ஒரு நிமிசம் பாரு.”

முஃபீத் பார்த்தான். அவன் முகம் எப்படிப் போயிற்று என்பது மசூதுக்குத் தெரியவில்லை. ஆனால் “பெஞ்சமினே, வார்ம் அப் பண்ணு” என்று அவன் கூப்பிட்ட குரல் கேட்டது. அந்தக் குரல் போதும்.

இரண்டாம் பாதியில் பெஞ்சமின் இறங்கினான். கோல் போடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், நெஞ்சில் வாங்கினான், இரண்டு பேரை இழுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடினான். ஹுஸைஃபா ஒரு கோல் போட்டான். இரண்டாவது கோலுக்குப் பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியபோது ரெப்ரி கடைசி விசில் ஊதிவிட்டார். இரண்டுக்கு ஒன்று. கோப்பை போயிற்று.

“அவன் போட்ட கோல் எத்தனை? சைபர்” என்றார் அய்யாக்குட்டி, யாரையும் பார்க்காமல். “அவன் இல்லாம நாம வாங்குன கோல் எத்தனை? ரெண்டு. இனி எவனாவது எங்கிட்டக் கணக்குப் பேசுங்கலே.”

மசூதைக் கடந்து போனவர்கள் இப்போது கையைப் பிடிக்கவில்லை. வீடியோ ஆள் ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவன் மட்டும் நின்று, “நாலு நாளைக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் மாமா” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அங்கேயே உட்கார்ந்து மன்சூருக்கு வாய்ஸ் போட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை, லைசென்ஸ் பலகை வரைக்கும் சொன்னார். பதில் உடனே வந்தது. அதில் முன்னே இருந்த தேன் இல்லை.

“மாமா, நா என்ன செய்ய? ஹுஸைஃபாவுக்கு விசா அடிச்சாச்சு. எடம் ஒண்ணுதான். அடுத்த வருசம் பாப்போம். நீங்க மொதல்ல கண்ணைப் பாருங்க.”

கூட்டம் கலைந்த பிறகு பெஞ்சமின் அந்த மூலைக்குப் போனான். கம்பைப் பிடுங்கி ஜெர்சியை அவிழ்த்தான். மசூது மெதுவாகப் போய் நின்றார்.

“பெஞ்சமின்.”

“சொல்லுங்க மாமா.”

மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கம் இல்லாத வேலை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. “மன்சூர் கிட்டச் சொன்னேன். அடுத்த வருசம்னு சொல்லுதான்” என்றார்.

பெஞ்சமின் ஜெர்சியைப் பிழிந்தான். தண்ணீர் இரண்டு பேர் காலிலும் விழுந்தது. “எங்கம்மை ஆறு மாசமா பாஸ்போர்ட்டை பைபிளுக்குள்ள வச்சிருக்கா மாமா. தெனமும் எடுத்துத் தொடச்சு வைப்பா.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தும் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரிச் சொன்னான். ஜெர்சியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மசூது பார்த்துக்கொண்டே நின்றார். பத்து எட்டு தாண்டியதும் அவன் ஒரு மஞ்சள் புள்ளியாகி, அப்புறம் அதுவும் இல்லாமல் போனான்.

புதன்கிழமை நஸீபா அவரைத் தென்காசியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். பஸ் வடகரை டீக்கடையைத் தாண்டும்போது அவர் முகத்தை மறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இருட்டறைக்குள் உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் வந்தது. நர்ஸ் ஒரு கண்ணை மூடிவிட்டாள். “தாத்தா, மேல இருந்து படிங்க. இங்கிலீஷ் தெரியுமா, தமிழ் போடவா?”

வாய் தானாகத் திறந்தது. “ஈ” என்றார். “எஃப். பீ. டீ, ஓ...”

“நல்லாப் படிக்கீயளே தாத்தா! அப்பறம்?”

பின்னால் நஸீபா நின்றாள். அவள் வளையல் மட்டும் ஒரு தடவை சத்தம் போட்டது.

மசூது நிறுத்தினார். சுவரில் வெள்ளையாக ஒரு மூட்டம். மலை மேல் மேகம் இறங்கின மாதிரி. அதில் எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

“தெரியலம்மா” என்றார்.

“எந்த வரியில இருந்து தெரியல தாத்தா?”

“மொத வரியில இருந்து.”